பத்துப் பேர் சேர்ந்தால்தான் படம் போடுவார்களாம்

சின்னப் படம் ஒன்றைப் பார்க்கப் போய், ஆள் சேரவில்லை என்று காட்சி போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நேற்று ராத்திரி நான் போட்ட நாலு வரிப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். ஒரு தம்பி வந்து, "அக்கா, பத்துப் பேர்கூட வராத படத்துக்கு எதுக்கு இவ்வளவு புலம்பல்? நல்ல படம்னா தானா ஓடும்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு எழுபது சொச்சம் லைக். லைக் போட்டவர்களில் என் சொந்தச் சித்தி மகனும் ஒருத்தன். இருக்கட்டும்டா, தீபாவளிக்கு அதிரசம் கேட்டு வருவாய் இல்லையா, அப்போது பேசிக்கொள்கிறேன்.

தம்பிக்கு அங்கேயே பதில் சொன்னேன். மனசு ஆறவில்லை. அதனால்தான் இது. நீளமாகத்தான் இருக்கும், வேலை இருப்பவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

திங்கள்கிழமை ஆபீசில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, மதுரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறி, 6.45 காட்சிக்கு 6.20-க்கே போய் நின்றேன். எந்தப் படம் என்று நேற்றைய பதிவைப் படித்தவர்களுக்குத் தெரியும், மறுபடியும் பெயரைச் சொல்லி அதற்கு ஒரு ரவுண்டு சண்டை வேண்டாம். கவுன்ட்டரில் டிக்கெட் கேட்டால், "பத்துப் பேர் சேர்ந்தா போடுவோம் மேடம், இதுவரைக்கும் நாலு பேர்தான்" என்றார். நான், இரண்டு கல்லூரிப் பையன்கள், கையில் துணிப்பையோடு ஒரு பெரியவர். நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி நின்றோம். 6.40 வரைக்கும் வேறு யாரும் வரவில்லை. மிச்சம் ஆறு டிக்கெட்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது சரிப்படாது மேடம். பக்கத்து ஸ்கிரீன்ல ஓடுற பெரிய படத்துக்கு டிக்கெட் இருக்கு, தரட்டுமா?" என்றார். இட்லி கேட்டவளிடம் இட்லி இல்லை, பிரியாணி சாப்பிடுங்கள் என்பது போல. எனக்குப் பிரியாணி பிடிக்கும்தான். அன்றைக்கு இட்லி வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன், அவ்வளவுதான்.

சரி, ஏன் நாலு பேர்? இதைத்தான் அந்தத் தம்பி யோசிக்கவே இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு காட்சி, காலை 10.40. திங்கள் மட்டும் என்ன தோன்றியதோ, டிக்கெட் ஆப்பில் மாலைக் காட்சி ஒன்று காட்டியது. வெள்ளிக்கிழமை காலை 10.40-க்கு யார் வருவார்? ஆபீஸ் போகிறவர் வர முடியாது, கடை வைத்திருப்பவர் வர முடியாது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உலை வைக்கிறவள் வர முடியாது. ஞாயிறு போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஞாயிறு 10.40-க்குக் கறிக்கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து மசாலா அரைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெருவில் பாதி வீட்டில் அதே நிலவரம்தான். ஆள் வர முடியாத நேரத்தில் காட்சி போட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று காட்சியைத் தூக்குகிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், ஆள் வர முடியாத நேரத்தில் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்கிறார்கள். இது புரிந்துவிட்டால் மீதிப் பதிவைப் படிக்கவே வேண்டாம்.

"நல்ல படம்னா ஓடும், லப்பர் பந்து ஓடலையா, டூரிஸ்ட் ஃபேமிலி ஓடலையா?" இதுதானே அடுத்த கேள்வி? கேட்டாயிற்று, பன்னிரண்டு பேர் கேட்டாயிற்று.

ஓடியது. எப்படி ஓடியது என்று யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? லப்பர் பந்து என்ற கிரிக்கெட் படம் 2024 செப்டம்பர் 20-ஆம் தேதி வந்தது. நான் பார்த்தது மூன்றாவது வாரத்தில். எங்கள் ஆபீசில் ஞாயிறுதோறும் கண்மாய்க்கரையில் கிரிக்கெட் ஆடுகிற பையன் ஒருத்தன் முதல் வாரம் பார்த்துவிட்டு வந்து, அதில் தினேஷ் நடித்த கெத்து என்ற பாத்திரத்தைச் சொல்லிச் சொல்லி, கெத்து கெத்து என்று உயிரை எடுத்தான். அவன் சொல்லி இரண்டு பேர் போனார்கள், அவர்கள் சொல்லி ஐந்து பேர், அப்புறம் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்றே தெரியாத நான். விஜயகாந்த் பாட்டு வந்ததும் தியேட்டரே பாடியது, நானும் பாடினேன். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், அங்கிருந்து என் காதுக்கு வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் படம் தியேட்டரில் இருந்தது, அதுவும் சாயங்காலக் காட்சியில் இருந்தது. மவுத் டாக், மவுத் டாக் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அந்த வாய் பேசி முடிக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டாமா? திங்கட்கிழமையே போஸ்டரைக் கிழித்துவிட்டால் வாய் யாரிடம் போய்ப் பேசும்?

டூரிஸ்ட் ஃபேமிலி கதையைச் சொல்கிறேன். இது சினிமாக் கதை இல்லை, என் வீட்டுக் கதை.

2025 மே 1-ஆம் தேதி வந்த படம், அதே நாளில் சூர்யாவின் ரெட்ரோவும் வந்தது. ஊர் முழுக்க ரெட்ரோ பேச்சுத்தான். அப்பா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதே ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும்தான், அதுவும் முழங்கால் வலி விட்டால். இரண்டாவது ஞாயிறு சாயங்காலம், ஆட்டோ வைத்து வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனேன். சிம்ரனைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணு அப்படியேதான்டி இருக்கு, நாமதான் போயிட்டோம்" என்று சத்தமாகச் சொல்ல, முன் வரிசையில் சிரித்தார்கள். அப்புறம் அந்த மரண வீட்டுக் காட்சி வந்தது. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அப்பா காரியத்தில்கூட அப்படி அழவில்லை, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்த மனுஷி. இருட்டில், தெரியாத இருநூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவளுக்கு அழ முடிந்தது. இடைவேளையில் பாப்கார்ன் வேண்டாம், விலையைப் பார்த்தியா என்று திட்டியது தனிக் கதை.

இரண்டாவது ஞாயிறு என்பதை மறுபடியும் பாருங்கள். அந்தப் படத்தையும் நாலாம் நாள் தூக்கியிருந்தால் இது நடந்திருக்காது. சசிகுமாரும் சிம்ரனும் தெரிந்த முகங்கள், அதனால் ஒரு பிடிமானம் இருந்தது. லப்பர் பந்தில் ஹரிஷ் கல்யாணும் தினேஷும் அப்படித்தான். முகம் தெரியாத ஆள் நடித்த படத்துக்கு அந்த இரண்டாவது ஞாயிறு கிடைக்கவே கிடைக்காது. நீங்கள் எல்லோரும் எனக்கு எதிராகக் காட்டுகிற உதாரணங்கள் இரண்டாவது வாரம் கிடைத்த படங்கள் தம்பி. கிடைக்காத படங்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வருஷத்துக்கு இருநூறுக்கு மேல் தமிழ்ப் படம் வருகிறது, விரல் விட்டு எண்ணுங்கள் பார்ப்போம், எத்தனை வரைக்கும் போகிறீர்கள் என்று. நான் முப்பதில் நின்றுவிட்டேன்.

"தியேட்டர் என்ன தர்ம சத்திரமா?" இல்லை. ஒத்துக்கொள்கிறேன். முன்பு தியேட்டர் மேனேஜராக இருந்த அண்ணன் ஒருவர் இன்பாக்சில் வந்து பொறுமையாக விளக்கினார், அவருக்கு நன்றி. பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரம் வசூலில் எழுபது சதவீதத்துக்கு மேல்கூட விநியோகஸ்தருக்குப் போய்விடும், மிஞ்சியதில் கரண்டு பில், சம்பளம், ஏசி. அதனால்தான் கேண்டீனை நம்பி இருக்கிறார்கள். நாலு பேர் எத்தனை சமோசா சாப்பிட முடியும்? நியாயம்தான். ஆனால் அதே அரங்கில் பக்கத்துத் திரையில் அந்தப் பெரிய படம் திங்கள் சாயங்காலம் எப்படி ஓடியது தெரியுமா? கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன். முப்பது பேர் இருந்தால் அதிகம். அதற்கு மட்டும் மூன்று திரை. ஒரு திரையைக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. இதைக் கேட்டால் அண்ணன் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டுவிட்டு ஆளைக் காணோம்.

அடுத்தது, எனக்குப் பெரிய படம் என்றாலே ஆகாதாம். அடேங்கப்பா. 1999-இல் படையப்பாவுக்கு முதல் நாள் அண்ணனோடு போய்த் துப்பட்டா கிழிந்து வந்து வீட்டில் அடி வாங்கியவள் நான். கூலி படத்துக்கும் முதல் நாள் 9 மணிக் காட்சிக்குப் போனேன், எனக்கு ரஜினி திரையில் நடந்து வந்தாலே போதும், கதை எல்லாம் அப்புறம்தான். பெரிய படம் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஒரு வரி காட்டுங்கள்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 2024 நவம்பரில் சூர்யாவின் பெரிய படம் கங்குவா வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கிறது என்று ஊரே சொன்னது, தயாரிப்பாளரே ஒலியை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லிவிட்டோம் என்றார். ஆனாலும் படம் போகாததற்குக் காரணம் யார்? யூடியூப் விமர்சகர்களாம். தயாரிப்பாளர் சங்கத்துக்காரர்கள் தியேட்டர் வளாகத்துக்குள் மைக் நீட்டக்கூடாது என்றார்கள், படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். மூன்று நாள்! எங்கள் சின்னப் படத்துக்கு ஆயுளே மூன்று நாள்தான் ஐயா. பெரிய படம் விழுந்தால் பழி விமர்சகர் தலையில், சின்னப் படம் விழுந்தால் படமே சரியில்லை அல்லது மக்களுக்கு ரசனை இல்லை. 10.40 மணியை மட்டும் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள்.

கொட்டுக்காளி வந்தபோதும் இதே சண்டை. திரைப்பட விழாவுக்கு எடுத்த படத்தை எதற்குத் தியேட்டருக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சினிமாக்காரர்களே கேட்டார்கள். நான் அதையும் தியேட்டரில்தான் பார்த்தேன். பின்னணி இசையே கிடையாது, பின் சீட்டில் ஒருத்தர் "பாட்டு எப்பப்பா வரும்" என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு வந்ததும் எனக்கே, என்னடா இப்படி நிறுத்திவிட்டார்கள் என்று சுருக்கென்றது, மறைப்பானேன். ஆனால் அந்தச் சேவலும், ஆட்டோவில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் ஒரு வாரம் கூடவே வந்தார்கள். செல்போனில் பார்த்திருந்தால் பத்தாவது நிமிஷம் வாட்ஸ்அப்பைத் திறந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால்தான் "ஓடிடியில் வரும், அப்போ பாருங்க அக்கா" என்பவர்கள் மேல் கோபம் வருகிறது. முதலில், எல்லாப் படமும் அங்கே வராது, இப்போது அவர்களும் தியேட்டரில் ஓடிய படத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். வந்தாலும், என் வீட்டில் படம் பார்ப்பது எப்படி என்று வந்து பாருங்கள். குக்கர் விசில், பால்காரர், மாமியார் போன், மகன் வந்து சார்ஜர் எங்கே என்பான். மெய்யழகன் வந்தபோது நீளம், நீளம் என்று பேச்சு எழுந்து, வந்த சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். எனக்கு அந்த நீளம்தான் பிடித்தது. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுவதை யாரும் இடையில் வந்து சார்ஜர் கேட்காமல் பார்த்தேன். எனக்கென்று இருக்கிற நேரம் மாதத்தில் அந்த இரண்டரை, மூன்று மணிதான். அதை எந்த நேரத்தில், எந்தப் படத்தோடு கழிக்கலாம் என்பதைக்கூட இன்னொருத்தர்தான் முடிவு செய்வார் என்றால், சரி, அது புலம்பலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். புலம்புகிறேன்.

"புலம்பல்." அந்த ஒரு வார்த்தைதான் நேற்றிலிருந்து உறுத்துகிறது. கிரிக்கெட் டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஆண்கள் பத்து நாள் எழுதினால் அது ஆதங்கம். நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை படம் பார்க்க முடியவில்லை என்று நாலு வரி எழுதினால் புலம்பல். லைக் போட்ட சித்தி மகனே, நீ ஒன்பதாவது படிக்கும்போது உன்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, டிக்கெட்டும் எடுத்து, இடைவேளையில் முறுக்கும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போனது யார் என்று உன் அம்மாவைக் கேள்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். காட்சி இல்லை என்றதும் கல்லூரிப் பையன்கள் பக்கத்துப் படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. பெரியவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். 10.40 என்றார் கவுன்ட்டர்காரர். "பகல்ல நான் வாட்ச்மேன் டூட்டிம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். அவர் இரண்டு தடவை வந்து திரும்பியவராம்.

இப்போது ஆப்பில் பார்த்தேன். வியாழன் வரைக்கும் 10.40 காட்சி காட்டுகிறது, வெள்ளிக்கிழமை புதுப் படம். வியாழனுக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தயாராக இருக்கிறது. பெரியவரிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தேன், போன் பண்ணினேன், டூட்டி மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அவரையும் சேர்த்தால் மூன்று. மதுரையில் இருப்பவர்கள் இன்னும் ஏழு பேர் வேண்டும். சித்தி மகனே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், டிக்கெட் நான் எடுக்கிறேன்.