துபாய் எண்ணெயில் ஓடும் ஊரா?
ஐக்கிய அரபு அமீரகம் பற்றிய ஓர் அறிமுகத்தில், துபாயின் பொருளாதாரம் எண்ணெயை நம்பியே நடக்கிறது, எண்ணெய் தீர்ந்தால் ஊர் காலியாகிவிடும் என்று இருக்கிறது. பலரும் அதை அப்படியே பகிர்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமீரகத்தின் எண்ணெய் இருப்பில் மிகப் பெரும் பகுதி அபுதாபியில்தான். துபாயில் 1966இல் எண்ணெய் கிடைத்தது உண்மை, ஆனால் உற்பத்தி 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு அப்புறம் சரிந்துவிட்டது. இன்று துபாயின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எண்ணெயின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. மொத்த, சில்லறை வணிகம்தான் பெரிய துறை. போக்குவரத்து, நிதி, சுற்றுலா, ரியல் எஸ்டேட் எல்லாம் எண்ணெயைவிடப் பல மடங்கு பெரியவை. சரி, தொடக்கத்தில் எண்ணெய்ப் பணம் உதவவில்லையா? நிச்சயம் உதவியது. 1979இல் திறந்த ஜெபல் அலி துறைமுகம் போன்றவற்றில் அந்தப் பணம் போனதால்தான் இன்று மற்ற துறைகள் நிற்கின்றன. ஊரின் இந்த முயற்சியை விட்டுவிட்டு எழுதுவது நியாயமில்லை.

சரிபார்ப்பது எளிது. துபாய் அரசின் புள்ளிவிவரத் துறை துறைவாரியான உள்நாட்டு உற்பத்தி அட்டவணையை இலவசமாக வெளியிடுகிறது. அதில் எண்ணெயும் அடங்கிய சுரங்கத் துறைக்கான தொகையை மொத்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணை துபாய்க்கு உரியதுதானா என்பதையும் கவனியுங்கள், முழு அமீரகத்துக்கான கணக்கில் எண்ணெயின் பங்கு பெரிதாகவே தெரியும்.