எக்ஸ்எம்எல்லை ஒரே வரியில் கொட்டித் தள்ளுகிறவர்களே

குலசேகரத்தில் ரப்பர் வாங்கும் கடை ஒன்று. அங்கே கணக்கு எழுதும் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போன சனிக்கிழமை சாயங்காலம் போனில் கூப்பிட்டார். "தம்பி, நாலு பேருக்கு ரூபா குறையுது. ஃபைலைத் திறந்து பாத்தா எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியலியே." குரலே உடைந்திருந்தது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக பஸ் பிடித்துப் போனேன்.

கடையின் பில் மென்பொருள் எழுதித் தரும் எக்ஸ்எம்எல் ஃபைலை (தகவலை டேக் என்ற குறிகளுக்குள் அடுக்கி வைக்கும் உரைக் கோப்பு) நோட்பேடில் திறந்து வைத்திருந்தார். ஒரு மாதக் கொள்முதல் முழுவதும் ஒரே வரி! என்டர் இல்லை, இடைவெளி இல்லை, சுவர் மாதிரி எழுத்து. மதியத்திலிருந்து அதை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார் அந்த மனிதர்.

என் லேப்டாப்பில் போட்டு, எக்ஸ்எம்எல்லின்ட் என்ற கருவியில் ஃபார்மேட் கொடுத்து உள்தள்ளி விரித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பில்லுக்குள் சரக்கு, சரக்குக்குள் எடை, தரம், விலை, கழிவு என்று படிப்படியாக இறங்கி நின்றது. ஒட்டுப்பாலுக்குள் (சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டி உறைந்த ரப்பர்) இருக்க வேண்டிய, ஈரத்துக்காகப் பிடிக்கும் கழிவு, அந்த நாலு பில்லிலும் அதற்கு மேலே இருந்த ஷீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. திறந்த டேக் எல்லாம் ஒழுங்காக மூடியிருந்ததால் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. காயவைத்து, புகைபோட்டுக் கொண்டுவந்த ஷீட்டுக்கு ஈரம் என்று காசைப் பிடித்திருக்கிறது!

அந்த மென்பொருளை எழுதியவரிடம் கேட்டேன். "அது மெஷின் படிக்கத்தானே சார்" என்கிறார். எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எல்லாம் சரியாக ஓடும்வரை மெஷின் படிக்கும். தப்பு நடந்த அன்று யார் படிப்பது? மனிதன்தானே? ஃபைல் பெரிதாகிவிடும் என்று இன்னொரு சாக்கு. ஜிசிப்பில் சுருக்கினால் அந்த இடைவெளியெல்லாம் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளில் போட்டுப் பாருங்கள், எல்லாம் ஒரே வரியில் இருப்பதால் ஒரு எடையைத் திருத்தினால் மொத்த ஃபைலும் மாறியதாகக் காட்டும்.

பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்எம்எல் எழுத எலிமென்ட்ட்ரீ வைத்திருக்கிறீர்களா? 2020-இல் வந்த 3.9 பதிப்பிலேயே உள்தள்ளித் தரும் இன்டென்ட் என்ற செயற்கூறு வந்துவிட்டது. எழுதுவதற்கு முன் எக்ஸ்எம்எல் மரத்தை (டேக்குகளின் அடுக்கு முழுவதையும்) அதற்குள் கொடுத்தால் போதும், ஒரே ஒரு வரி. சி ஷார்ப்பில் எக்ஸ்எம்எல்ரைட்டர் செட்டிங்ஸில் இன்டென்ட்டை ட்ரூ ஆக்கினால் முடிந்தது.

அப்புறம் இன்னொரு கூட்டம். ஸ்ட்ரிங்கை (எழுத்துத் துண்டுகளை) ஒட்டி ஒட்டி, ஸ்பேஸை விரல்விட்டு எண்ணிப் போடுகிறவர்கள். நடுவில் ஒரு அடுக்கு கூடினால் எல்லாம் தடம் மாறும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதுபோலத் தெரியும். அதை நம்பி ஒருவன் கணக்கு பார்த்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே உள்தள்ளிய ஃபைலை பைத்தானின் மினிடாமில் மறுபடி அழகுபடுத்தி, இடையிடையே வெற்று வரிகளாக விட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. எல்எக்ஸ்எம்எல் என்ற பைத்தான் நூலகத்தில் பழைய இடைவெளியை நீக்கிப் படிக்காவிட்டால் ப்ரெட்டி பிரின்ட் என்ற அழகுபடுத்தும் வசதி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கக் கூடாதா?

சரி, எல்லா இடத்திலும் உள்தள்ளக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். டிஜிட்டல் கையொப்பம் இட்ட ஃபைலில் ஒரு ஸ்பேஸ் சேர்த்தாலே கையொப்பம் செல்லாமல் போகலாம். வாக்கியத்துக்கு நடுவே டேக் வரும் உரையில் இடைவெளியும் உரையின் பகுதி. ரப்பர் கடை பில்லில் இது எதுவுமே இல்லையே!

அந்த இன்டென்ட் வரியை நானே எழுதி, எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று குறித்து, மென்பொருளை எழுதிய உங்களுக்கே அனுப்பிவிட்டேன். கழிவு இடம் மாறிய நாலு பில்லையும் தனியாகக் காட்டியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அண்ணாச்சி மறுபடி கணக்கு முடிக்க வேண்டும். அதற்குள் செய்து கொடுங்கள்.