களி சாப்பிட்டால் சுகர் ஏறாதா?

ஒருவர், ராகியில் சர்க்கரை இல்லை, அதனால் சுகர் உள்ள பெரியவர்கள் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சரியில்லை.

100 கிராம் ராகியில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், பச்சரிசியில் சுமார் 78. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் யாரும் பார்க்கலாம். ராகியில் நார்ச்சத்து கூடுதல், கால்சியம் 360 மில்லிகிராமுக்கு மேல், எலும்புக்கு அருமை. ஆனால் அந்த மாவுச்சத்தும் குளுக்கோஸாகத்தான் மாறும். நம் தர்மபுரிப் பக்கம் கிண்டும் பெரிய உருண்டை ஒன்றுக்கே 100 கிராம் மாவு போய்விடும். இரண்டு உருண்டை என்றால் கணக்கு நீங்களே போடுங்கள். நைசாக அரைத்துச் சலித்த மாவில் காய்ச்சிய கூழ் இன்னும் வேகமாக ஏற்றும்.

நம்பிக்கை இல்லையென்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து ஒரு முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். விரலில் வெல்லப் பிசுக்கு இருந்தால் அளவு பொய்யாகக் கூடும். இரண்டாவது முறை பார்த்தது 180-ஐத் தாண்டினால் அந்த அளவுக் களி சாப்பிட்டவருக்கு அதிகம். மறுமுறை பாதி உருண்டை, கீரைக் கடைசல் நிறைய வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் கேளுங்கள். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

களியை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.