முந்நூறு பத்திரிகையிலும் அவள் பேரை எழுதுகிறேன்

புதன்கிழமை நான் போட்ட காதுகுத்துப் பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு, இறந்துபோன மகள் பேரை இதில் ஏன் எழுதுகிறாய் என்று நிறையப் பேர் போன் செய்து கேட்டீர்கள். தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், என் மகனின் காதுகுத்துப் பத்திரிகையில் அவன் அக்கா பேரையும் போடச் சொல்லியிருந்தோம். புரூஃப் வந்தபோது இரண்டு தடவை பார்த்தேன், இருந்தது. அச்சாகி வந்த முந்நூறிலும் இல்லை. உறவில் பெரியவர் ஒருவர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பிரஸ்ஸுக்குப் போன் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "ஏட்டி, நல்ல காரியத்துல செத்த பிள்ள பேரு எதுக்கு?" என்றார்.

அதே பத்திரிகையில் முதல் வரியில் என் மாமனார் பேர் இருக்கிறது, முன்னால் 'தெய்வத்திரு' போட்டு. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எழுபது வயதில் போனவர் பேர் ஆசீர்வாதம், ஏழு வயதில் போனவள் பேர் மட்டும் அபசகுனமா?

இது நம் வழக்கம் இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் சின்ன வயதில் போன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எவ்வளவு காலமாக இருக்கிறது! என் ஆச்சி வீட்டில் ஒரு ஓலைப்பெட்டி உண்டு. உள்ளே ஒரு சிற்றாடை, கண்ணாடி வளையல், சீப்பு. அம்மை கண்டு எட்டு வயதில் போன ஆச்சியின் தங்கைக்கு. வருடா வருடம் புதுத்துணி வைப்பார்கள், வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் மற்றது. அந்தப் பேரைச் சொல்ல யாரும் கூசவில்லை. நான் என் மகளைக் கும்பிடச் சொல்லவில்லை. அவளுக்குச் சாமியாக இருப்பதைவிட அக்காவாக இருப்பதுதான் பிடிக்கும்.

"மறந்தால்தான் நீ தேறுவாய்" என்கிறார்கள். எதை மறக்க? இரண்டு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது இந்த ரத்தப் புற்றுதான், நல்ல மருந்துகள் இருக்கின்றன, வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைத்துவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்ன அன்று நான் அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் முகம் உப்பிவிடும், பசி தாங்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உப்புமா கேட்பாள், கிண்டிக் கொடுத்தால் சூடு ஆறும்வரைகூடப் பொறுக்க மாட்டாள், ஊதி ஊதித் தின்பாள். அவளுக்குப் போட்ட வின்கிறிஸ்டின் ஊசி மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கிணற்றடியில் நிற்கும் செடியில் யாரும் பூப்பறிக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். சாமிக்குக்கூட. அந்த மருந்தால் கால் வலித்து நடக்க முடியாத நாளிலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா என்று கேட்பாள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்தால் மஞ்சளாக ஒரு பை ஏற்றுவார்கள், அதற்கு மாம்பழ ஜூஸ் என்று பேர் வைத்திருந்தாள். அது ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, வாங்கிச் சேர்த்து வைக்கவும் முடியாது, ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டும். பேர் தெரியாத காலேஜ் பையன்கள் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நோய் திரும்பி வந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இதையெல்லாம் மறந்தால் என்னிடம் அவள் என்று என்ன மிஞ்சும்?

"சின்னப் பையன் தலையில் பாரத்தை ஏற்றாதே" என்று ஒரு தோழி சொன்னாள். அவள் என் மேல் அக்கறை உள்ளவள், அதனால் இரண்டு நாள் யோசித்தேன். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அவனுக்கு அக்கா இருந்தாள் என்பது நான் ஏற்றிய பாரம் இல்லையே. ஐந்து வயதுதான், இன்னும் சாக்லேட்டைப் பாதி உடைத்து அவள் படத்துக்கு முன்னால் வைக்கிறான்.

ஊர் என்ன சொல்லும் என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

கர்ப்பத்தில் நான் எதையோ தின்றதால்தான் வந்தது என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, தாய் செய்த தப்பு எதுவும் இல்லை என்று அப்படிப் பேசியவர்கள் எதிரிலேயே டாக்டர் சொன்னார். தொற்றுநோயும் இல்லை. அப்படியிருக்க, பேரில் தொற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் உயிரோடு இருந்தபோது மொட்டைத் தலையைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தீர்கள், இப்போது பேரையும் தள்ளி வைக்கிறீர்கள். எத்தனை தடவைதான் என் பிள்ளையை வெளியே நிறுத்துவீர்கள்?

மறுபடி அச்சடிக்கலாம் என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். 'தாய்மாமன்மார்' என்ற வரிக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் இருக்கிறது, அதில் என் கையாலேயே எழுதுகிறேன். நேற்றுவரை இருநூற்றுப் பத்து ஆகிவிட்டது. ஒரு பேனா தீர்ந்துபோய் இரண்டாவதை எடுத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து மை காய ஊதுவது தம்பி வேலை.