சின்னச் சபையில் ஆறுதல் சொல்வது யாருடைய வேலை?

"உங்கட சபையில எத்தனை பேர் வருவினம்?" கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால், பேரும் ஊரும் கேட்டு முடிந்ததும் வருகிற அடுத்த கேள்வி இதுதான். நாற்பது பேர் அளவில் வருவோம், மாரி காலமென்றால் இன்னும் குறையும் என்று சொல்வேன். கேட்டவரின் முகத்தில் ஒரு இரக்கம் வரும். "பரவாயில்லை, கர்த்தர் பெருக்குவார்" என்று தேற்றுவார். என்னைத் தேற்றும்படி நான் கேட்கவே இல்லை.

திருகோணமலையில் பப்டிஸ்ட் என்று சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. கோணேசர் மலையும் பத்திரகாளி கோயிலும் இருக்கிற ஊர் இது. கிறிஸ்தவம் என்றாலே இங்கே கத்தோலிக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும், அப்புறம் மெதடிஸ்தம். "அல்லேலூயாக் கூட்டமா?" என்று ஓட்டோக்காரத் தம்பி கேட்பார். இல்லை என்று சொல்லி விளங்கப்படுத்துவதற்குள் இறங்குகிற இடம் வந்துவிடும். 1812-இல் ஜேம்ஸ் சேட்டர் என்ற மிஷனரி கொழும்புக்கு வந்ததிலிருந்து இந்த நாட்டில் பப்டிஸ்ட் வேலை நடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சிங்களப் பகுதிகளில்தான் வேர்பிடித்தது. கிழக்கில் தமிழ் பேசுகிற பப்டிஸ்ட் சபை என்றால் நாங்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசித்து, தானாக வந்து கேட்பவருக்கு முழுக்கு ஞானஸ்நானம். வாடைக்காற்று காலத்தில் கடல் விடாது. சித்திரை கழிந்து உப்புவெளிப் பக்கம் கடல் அடங்கிய பிறகு போவோம். வெளிநாட்டுக்காரர் துவாயை விரித்துப் படுத்திருக்க, நாங்கள் வெள்ளை உடுப்போடு பாட்டுப் பாடிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவோம். கரையேறியதும் பிளேன்ரீயும் ரோல்ஸும். அதைப் பார்த்துவிட்டு "என்ன, படப்பிடிப்பா?" என்று கேட்டவர்களும் உண்டு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். எங்களுக்கு மேலே ஆயர், அதாவது பிஷப், கிடையாது. சபையை நடத்துவது சபைதான். வரவு செலவு, போதகரை அழைப்பது, புதிதாக ஒருவரை அங்கத்தவராகச் சேர்ப்பது எல்லாம் சபைக் கூட்டத்தில் வைத்து, அங்கத்தவர்கள் கை தூக்கித் தீர்மானிப்பது. பணம், கட்டடம் என்ற விஷயங்களில் இந்த உரிமையை நாங்கள் நன்றாகவே பாவிக்கிறோம். கூரைத் தகரம் எந்த நிறம் என்பதற்கு ஒரு மாலை முழுக்க வாதாடியிருக்கிறோம். ஆனால் மனம் உடைந்த ஒருவரைத் தூக்கி நிறுத்துகிற வேலை வந்தால் மட்டும் "பாஸ்டர் ஐயா போய்ப் பார்க்கட்டும்" என்று எல்லோரும் ஆயர் உள்ள சபைக்காரராக மாறிவிடுகிறோம். இது எனக்குப் பிடிக்கவில்லை.

போதகரும் மனிதர்தானே. சின்னச் சபையின் காணிக்கையில் ஒரு குடும்பம் நடத்துவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும், செத்தவீட்டிற்கும் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் இருக்கவேண்டும். அவருடைய மனைவிக்கு இரவில் நித்திரை வருகிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எங்கள் சபையில் நிஜமான ஆறுதல் நடக்கிற இடம் வெள்ளி இரவு ஜெபக்கூட்டம். ஒவ்வொரு கிழமையும் ஒரு வீடு. பாய் விரித்து உட்காருவோம், வயது போனவர்களுக்கு கதிரை. இரண்டு பாட்டு, ஒரு சின்ன வேதவாசிப்பு, பிறகு ஜெபக் குறிப்பு சொல்லும் நேரம். படகு என்ஜின் பழுது. மகளின் உயர்தர முடிவு. கிழமைக் கடன்காரர் செவ்வாய்க்கிழமை வருவார்கள், கையில் காசில்லை. குவைத்திலிருக்கும் தங்கச்சி மூன்று வாரமாகக் கதைக்கவில்லை. சீனி கூடிவிட்டது, காலில் புண் ஆறவில்லை. இப்படித்தான் இருக்கும். ஆவிக்குரிய பெரிய வார்த்தைகள் எதுவும் வராது. எங்களில் ஒரு அன்ரி இருக்கிறார், படிப்பு குறைவு, ஜெபம் பண்ணினால் இரண்டு நிமிடம்தான். ஆனால் போன கிழமை யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு அப்படியே நினைவிருக்கும். அடுத்த வெள்ளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "தம்பி, என்ஜின் சரிவந்ததோ?" என்பார். நான் கேட்ட எத்தனையோ நல்ல பிரசங்கங்கள் மறந்துவிட்டன. அந்தக் கேள்வி மறப்பதில்லை.

நானூறு பேர் உள்ள சபையில் அந்த அன்ரிக்கு இது முடியாது. நாற்பது பேர் என்பதால் முடிகிறது. அதனால்தான் எண்ணிக்கையைக் கேட்டு இரக்கப்படுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

சரி, சின்னச் சபை என்றால் எல்லாம் இனிப்பு என்று எழுத மாட்டேன். ஆறுதல் என்ற பெயரில் நாங்கள் காயப்படுத்துவதும் உண்டு, அதுவும் சின்னச் சபையில் காயம் நேராக நெஞ்சில் படும். முதலாவது, "உங்களுக்கு விசுவாசம் காணாது" என்ற பேச்சு. மருந்து எடுப்பவரிடம் இதைச் சொல்வது பாவம் என்றே நான் நினைக்கிறேன். மனச்சோர்வுக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் குளிசை எடுக்கிற ஒருவரை "அதை விட்டுப்போட்டு ஜெபியுங்கோ" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அவிசுவாசம் ஆகாது. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. நித்திரை கொள்ளவிட்டான், தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், திரும்பவும் நித்திரை கொள்ளவிட்டான், திரும்பவும் சாப்பாடு. பேச்சுவார்த்தையெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதரையும் பாருங்கள். ஏழு நாள் இராப்பகல் வாய் திறக்காமல் அவனோடு தரையில் இருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், கெட்டது.

இரண்டாவது, சாட்சி, அதாவது தேவன் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்வது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் கூட. காலை ஆராதனைக்கு ஆயத்தமாகிற நேரத்தில் கடல் வந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று இந்த மாவட்டத்துக் கரை முழுக்க அடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் எங்கள் சபைகளில் சுனாமிச் சாட்சி வரும். "பனையைப் பிடித்துத் தப்பினேன், தேவன் காத்தார்." "அன்றைக்கு ஆராதனைக்குப் போனபடியால் பிழைத்தோம்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. நன்றி சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. ஆனால் அடுத்த வாங்கில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் இருக்கிறார். அவருடைய பிள்ளையைத் தேவன் காக்கவில்லையா? அந்தப் பிள்ளைக்கு ஆராதனை பிந்திவிட்டதா? அவருக்கு இரண்டு பேர் தள்ளி, போர்க் காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்ட மகன் திரும்பி வருவான் என்று இன்னும் கோப்பும் போட்டோவும் வைத்திருக்கிற இன்னொரு தாய். இரண்டு பேரும் "ஆமென்" சொல்கிறார்கள். எழும்பிப் போகவில்லை என்பதே எனக்குப் பெரிய விசுவாசமாகத் தெரிகிறது.

சாட்சியை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லும்போது பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துச் சொல்லலாம். தப்பியவரின் சாட்சி மட்டும் சாட்சி ஆகுமா? "எனக்கு ஏன் என்று தெரியாது, ஆனாலும் இங்கே வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கும் இடம் இருக்கவேண்டும். சங்கீதப் புத்தகத்தில் அழுது முறையிடுகிற சங்கீதம் எத்தனை இருக்கிறது! எங்கள் பாடல் தாளில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கைதட்டுப் பாட்டு.

மூன்றாவது, வதந்தி. "ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்லுறன்" என்று தொடங்குகிற கதைக்கு, திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து பாலையூற்றுக்குப் போக ஓட்டோ தேவையில்லை. புருஷன் அடிக்கிறார் என்று ஒரு பெண் வெள்ளிக்கிழமை அழுது சொன்னது ஞாயிறு காலை மார்க்கெட்டில் அவருக்கே திரும்பி வந்தால், அந்தப் பெண் இனி வாய் திறப்பாரா? என்ஜினை நினைவில் வைத்துக் கேட்கிற அதே நெருக்கம்தான் இதையும் பண்ணுகிறது. ஞாபகசக்தி உள்ளவர்களுக்கு வாய்க்கட்டுப்பாடும் வேண்டும். அடி வாங்குகிற பெண்ணுக்கு "பொறுத்துக்கொள்ளுங்கோ, ஜெபிப்போம்" என்பதோடு நிறுத்துவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் மகளிர் பிரிவுக்குப் போக ஒரு அக்கா சபையில் இருக்கவேண்டும்.

நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022-ஐ மறக்க முடியாது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்னப் படகுக்காரனுக்கு அது கடலுக்குப் போகாதே என்று சொன்னது மாதிரி. அந்த நாட்களில் சபை வளவில் விறகு மூட்டி ஒரு பெரிய கிடாரத்தில் சோறும் பருப்பும் சமைத்தோம். யாரிடமும் பெரிய பணம் இல்லை. ஒருவர் தேங்காய், ஒருவர் முருங்கைக்கீரை, கரைவலைக்காரர் ஒருவர் சாளை மீன். பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் பாத்திரம் கொண்டு வந்தார்கள். மீன் தனிச் சட்டியில். அந்தக் காலத்தில் யாரும் யாரையும் "விசுவாசத்தில் உறுதியாயிருங்கோ" என்று சொன்னதாக நினைவில்லை. வசதி திரும்பியதும் அந்த வசனம் திரும்பி வந்துவிட்டது.

மிஷனரிக் கதைகளை விரும்பிக் கேட்கிறவள் நான். பப்டிஸ்ட் மிஷனரிச் சங்கம் 1792-இல் இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற சிற்றூரில், ஒரு விதவையின் வீட்டில் தொடங்கியது. முதல் நாள் சேர்ந்த வாக்குறுதிப் பணம் 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ். செருப்புத் தைத்த வில்லியம் கேரி அடுத்த வருடம் வங்காளம் போனார். ஏழு வருடம் கழித்து, 1800 டிசம்பரில்தான் முதல் வங்காளியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார். இதைச் சொல்லி "பார்த்தீர்களா, சோர்ந்து போகக்கூடாது" என்று எங்களை உற்சாகப்படுத்துவார்கள். நல்லது. ஆனால் கேரியின் மனைவி டொரதியைப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லை. வரமாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் சம்மதித்துக் கைக்குழந்தையோடு கப்பலேறினார். 1794-இல் ஐந்து வயது மகன் பீற்றர் செத்துப்போனான். டொரதியின் மனம் கலங்கியது, பிறகு சீராகவே இல்லை. 1807-இல் இறந்தார். கேரிக்குக் கடிதம் எழுதித் தாங்கிய நண்பர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். டொரதியோடு பாயில் உட்கார ஒரு அன்ரி இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைப்பேன். ஒவ்வொரு சபையிலும் ஒரு டொரதி இருக்கிறார். பெரும்பாலும் ஊழியக்காரர் வீட்டிலேயே இருக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சபைப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய சவுண்ட் பொக்ஸ் இரண்டும் வந்து சேர்ந்தன, நன்றி. மண்டபத்துக்கு அது கொஞ்சம் பெரிது, முதல் வாங்கில் யாரும் இருக்கிறார்கள் இல்லை. அடுத்த முறை அந்தக் காசில் பாதியை வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஓய்வுநாள் பாடசாலையில் வசனம் சொல்லித்தந்த கிழவிகளுக்கு மாதம் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் கதையுங்கள். அவர்களுக்கு வீடியோ கோல் எடுக்கத் தெரியாது. பேரப்பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள்.

வருகிற சபைக் கூட்டத்தில் நான் ஒரு பிரேரணை கொடுக்கப் போகிறேன். இந்த வருடம் டிசம்பர் 26-ஐ ஒட்டிய ஆராதனையில் தப்பிய சாட்சி வேண்டாம். இழந்தவர்களின் பெயர்களை வாசிப்போம், ஒரு புலம்பல் சங்கீதம் வாசிப்போம், பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவர் இருக்கட்டும். பிறகு எல்லோருக்கும் சோறு. சபையின் உதவிக்காரர் (டீக்கன்) ஒருவர், எனக்கு அண்ணை முறை, இப்போதே சொல்லிவிட்டார்: "பிள்ளை, கிறிஸ்மஸ் கிழமையில அழுகைக் கூட்டம் வைச்சால் புதுசா வாறவை ஓடிப்போவினம்." ஓடுவார்களா என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம். எப்படியும் அவருக்கும் ஒரு வாக்கு, எனக்கும் ஒரு வாக்கு. சோற்றுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், அதனால் பாதித் தீர்மானம் இப்போதே நிறைவேறிவிட்டது.