ஒரு மணி நேரம் என்றால் எத்தனை நிமிடம்?

வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் வழியாக வெளிநாடு போகும் ஆங்கில ஆசிரியர்கள், ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை நன்றாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. அது மட்டும் போதாது. பலருக்கும் அடி விழுவது வேலை நேரத்தில்தான். ‘வாரம் 25 மணி நேரம் கற்பித்தல்’ என்று இருந்தால், மணி என்பது 60 நிமிடமா, ஒரு பாடவேளையா என்று எழுத்தில் கேளுங்கள். மணி 60 நிமிடம், பாடவேளை 40 நிமிடம் என்றால் அந்த 25 மணி நேரத்துக்குள் 37 பாடவேளை வரை திணித்துவிடலாம். பாடத் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம் எல்லாம் அதற்கு வெளியே, சம்பளமில்லாமல்.

அடுத்து, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை. விசா, விமானச் செலவைத் திருப்பிக் கேட்டால் அது வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் குறைய வேண்டும். 11ஆவது மாதத்திலும் முழுத் தொகை என்பது அநியாயம். அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். பள்ளியே நீக்கினாலும் அபராதம் உங்கள் தலையில்தானா என்றும் பாருங்கள்.

ஒப்பந்தம் இரு மொழிகளில் இருந்து, உள்ளூர் மொழிப் பிரதியே செல்லுபடியாகும் என்றிருந்தால், முகவருக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள்.

முகவர் உங்களிடமே கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை (1997), தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது.