போட்டுக்கு லித்தியம் வாங்குமுன் டைனமோவைப் பாருங்கள்

மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றிப் பெயின்ட், பலகை, என்ஜின் வேலைகள் நடக்கும்போது இப்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "ஆசிட் பேட்டரியைத் தூக்கிப் போட்டுட்டு லித்தியம் மாத்திடலாமா?" பாதிப் பேர் விலையைக் கேட்டு மலைக்கிறார்கள். மீதிப் பேர் ஸ்கூட்டர் எரிந்த வீடியோவை நினைத்துப் பயப்படுகிறார்கள். விசைப்படகில் பணம் கரைகிற இடமும் தீப் பிடிக்கிற இடமும் இவர்கள் பார்க்கிற இடத்தில் இல்லை. அதற்காகத்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் பயத்தை முடித்துவிடுவோம். லித்தியம் என்று ஒரே பேட்டரி கிடையாது. 2022இல் ஸ்கூட்டர்கள் வரிசையாக எரிந்தபோது பேசப்பட்டது பெரும்பாலும் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த) வகை. படகுக்குப் பார்க்க வேண்டியது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் சேர்ந்தால் 12.8 வோல்ட். தானாகச் சூடேறிக் கட்டுமீறிப் போவதற்கு என்எம்சியைவிட இதற்கு அதிக வெப்பம் தேவை. போனாலும் வெளிவிடும் வெப்பம் குறைவு. அதற்காக எரியவே எரியாது என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் எரியக்கூடியது. செல் வீங்கித் திறந்தால் வரும் வெள்ளைப் புகையும் எரியக்கூடியது, விஷமும்கூட. நியாயமாகச் சொன்னால் ஆசிட் பேட்டரியும் சாது இல்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு வரும். அதோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியாகிவிட்டது, அதனால் பயமில்லை, அவ்வளவுதான்.

இப்போது தேவை எவ்வளவு என்று பார்ப்போம். என்ஜினை நிறுத்திவிட்டுக் கடலில் ஓர் இரவு கிடக்கும் போட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நங்கூர விளக்கு, விஹெச்எஃப் ரேடியோ, ஜிபிஎஸ் மூன்றும் சேர்த்து 26 வாட், பத்து மணி நேரம்: 260 வாட்-மணி. கேபின் விளக்கு 50. இரண்டு சின்ன ஃபேன் எட்டு மணி நேரம்: 240. மீன் பிரிக்க மேல்தளத்தில் 60 வாட் எல்இடி மூன்று மணி நேரம்: 180. செல்போன் சார்ஜ் 30. மொத்தம் 760 வாட்-மணி, 12.8 வோல்ட்டில் ஏறக்குறைய 60 ஏஹெச் (ஆம்பியர்-மணி). 100 ஏஹெச் எல்எஃப்பி இதைத் தாராளமாகக் கொடுக்கும். 150 ஏஹெச் டியூபுலர் ஆசிட் பேட்டரியும் பாதிக்குக் கீழே இறங்காமல் கொடுத்துவிடும். ஆக, இரவைக் கழிக்க இரண்டில் எதுவும் போதும்.

வித்தியாசம் மறுநாள் சார்ஜ் ஏற்றும்போதுதான் தெரியும். ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை கடகடவென்று வாங்கும். அதற்குப் பிறகு மென்று முழுங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கைந்து மணி நேரம் எடுக்கும். அதை முடிக்காமல் தினமும் பாதியில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து, மூன்று வருஷம் வர வேண்டியது ஒன்றரை வருஷத்தில் செத்துப்போகும். எல்எஃப்பி கிட்டத்தட்டக் கடைசி வரை ஒரே வேகத்தில் வாங்கும். பாதியில் விட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

இதை வைத்துக்கொண்டு யாருக்கு லாபம் என்று பாருங்கள். காலையில் போய் இரவு திரும்பும் இழுவைப் படகில் பகல் முழுக்க என்ஜின் ஓடுகிறது. ஆசிட் பேட்டரி தானாக நிரம்பிவிடும். அவர்களுக்கு லித்தியம் வேண்டாம் என்றே சொல்வேன். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் போல, வாரக்கணக்கில் தங்கி, தூண்டில் விட்டு என்ஜினை அணைத்துக் காத்திருப்பவர்களின் நிலைமை வேறு. பேட்டரிக்காகவே என்ஜினைச் சும்மா ஓட்டுபவர்கள் அவர்கள்.

ரூபாயில் போட்டுப் பார்ப்போம். விலை கடைக்குக் கடை மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 150 ஏஹெச் டியூபுலர் 16,000 என்று வைப்போம். எல்எஃப்பி 100 ஏஹெச் 35,000. அதோடு முடியாது: டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு அளவாக ஏற்றுவது) 15,000, நல்ல ஃபியூஸும் ஹோல்டரும் 5,000, ஷன்ட் வைத்த மீட்டர் (போகிற, வருகிற கரண்டை எண்ணுவது) 4,000, வயர், லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) 4,000. ஆக 63,000. கூடுதல் செலவு 47,000 ரூபாய். கூடுதல் உருப்படிகளை விட்டுவிட்டு 35,000 மட்டும் சொல்லி விற்பவர்தான் பிற்பாடு பிரச்சினை வந்தால் போனை எடுக்க மாட்டார். (2025 செப்டம்பர் 22 முதல் ஆசிட் பேட்டரிக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது, லித்தியத்துக்கு முன்பே 18தான். அந்த வகையில் லித்தியத்துக்கு இருந்த சலுகையும் போனது.)

ஆழ்கடல் போட்டு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் குறைவாக என்ஜினைச் சும்மா ஓட்டுகிறது, மணிக்கு 2 லிட்டர், வரிவிலக்கு டீசல் லிட்டர் 75 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 300 மிச்சம். வருஷத்தில் 100 நாள் கடலில் கிடந்தால் 30,000. கூடுதல் பணம் ஒன்றரை வருஷம் சொச்சத்தில் திரும்பிவிடும். டீசல் மிச்சமே இல்லாத நாள்படகுக்கு அதே 63,000 சொச்சத்துக்கு நான்கு டியூபுலர் வாங்கலாம், பன்னிரண்டு வருஷம் ஓட்டலாம். "மூவாயிரம் சைக்கிள் வரும்" (அத்தனை முறை ஏற்றி இறக்கலாம்) என்ற விளம்பரத்தை வைத்து யாரும் கணக்குப் போடாதீர்கள். சைக்கிள் முடிவதற்குள் உப்பு முடித்துவிடும்.

சரி, டைனமோ. ஆல்டர்னேட்டரைத்தான் துறைமுகத்தில் டைனமோ என்கிறோம். ஆசிட் பேட்டரி சிறிது நேரத்தில் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். டைனமோ மூச்சு விடும். எல்எஃப்பியின் உள் எதிர்ப்பு மிகக் குறைவு, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது, ஆனால் கரண்ட் உச்சத்தில் போகும். அரை மணி நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும். இது முதல் சாவு. இரண்டாவது இன்னும் வேகமானது: ஏதோ காரணத்தால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் பலகை) பட்டென்று பேட்டரியைத் துண்டிக்கிறது, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக இடமில்லை, வோல்ட் ஒரு கணம் எகிறி டயோடு போகும், சில சமயம் கூடவே ஜிபிஎஸ்ஸும் ஆழம் பார்க்கும் எக்கோவும் போகும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. டைனமோவை எப்போதும்போல ஆசிட் ஸ்டார்ட்டிங் பேட்டரியோடு விட்டுவிடுங்கள். அதிலிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக எல்எஃப்பிக்கு ஏற்றுங்கள். 60 ஏஹெச்சுக்கு இரண்டு மணி நேரம். சார்ஜரில் 14.2 முதல் 14.4 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு தாங்கி வைக்கும் வோல்ட்) 13.5 என்று அமைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மோட்டாரை எல்எஃப்பியில் மாட்டவே கூடாது; டீசல் என்ஜின் செல்ஃப் சில நூறு ஆம்பியர் இழுக்கும், 100 ஆம்பியர் பிஎம்எஸ் கதவைச் சாத்திவிடும்.

பிஎம்எஸ் சாத்தும்போது சொல்லிக்கொண்டு சாத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். நடுக்கடலில் விளக்கு, விஹெச்எஃப், டிரான்ஸ்பாண்டர் (போட்டு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி) எல்லாம் ஒரே நொடியில் போகும். அமெரிக்கப் படகுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பு 2022இல் கொண்டுவந்த ஈ-13 தரக்குறிப்பு, துண்டிக்கும் முன் எச்சரிக்கை மணியோ விளக்கோ வேண்டும் என்கிறது. நம் சந்தையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் அது இல்லை. ஆகவே விஹெச்எஃப்பையும் வழி விளக்கையும் ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு மாற்றிக்கொள்ள கையால் மாற்றும் ஒரு சுவிட்சு கட்டாயம் வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்தில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஷார்ட் ஆனால் 100 ஏஹெச் எல்எஃப்பி ஆயிரக்கணக்கான ஆம்பியர் தள்ளும். கார் ஃபியூஸ் அந்தக் கரண்டில் உருகினாலும் நடுவே நெருப்பு வளைவு நின்று எரியும், கரண்ட் நிற்காது. கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும்.

24 வோல்ட் போட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டி, ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் நடுவில் தட்டி 12 வோல்ட் எடுப்பது. ஆசிட்டில் ஒன்று சீக்கிரம் சாகும், அத்தோடு போகும். எல்எஃப்பியில் ஒன்று காலியாகவும் மற்றது நிரம்பியும் நின்று, சார்ஜ் போட்டவுடன் நிரம்பியது துண்டித்துக்கொள்ளும். போட்டு முழுக்க இருட்டு. 25.6 வோல்ட் ஒரே பெட்டியாக வாங்கி, 12க்குக் கன்வெர்ட்டர் வையுங்கள்.

முனையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். லக் நேராகப் பேட்டரி முனையின் மேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலேதான். நிறைய இடத்தில் லக்குக்கு அடியில் ஸ்டெயின்லெஸ் வாஷர் கிடக்கிறது. ஸ்டெயின்லெஸ் மோசமான கடத்தி, 50 ஆம்பியர் போனால் அங்கேயே சூடாகிப் பிளாஸ்டிக்கை இளக்கும். வயர் டின் பூசிய செம்பாக இருக்கட்டும். வீட்டு வயரை உரித்துப் பாருங்கள், ஆறு மாதத்தில் உள்ளே கறுத்திருக்கும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 30 ஆம்பியர் போக 16 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.33 வோல்ட். 6 சதுர மி.மீ. போட்டால் 0.88 வோல்ட், சார்ஜ் சரியாக ஏறாது.

இடம்: என்ஜின் ரூம் வேண்டாம். அங்கே 50 டிகிரி சர்வசாதாரணம், அந்தச் சூட்டில் எல்எஃப்பியைச் சார்ஜ் செய்தால் ஆயுள் கரையும். ஆட்கள் படுக்கும் இடமும் வேண்டாம். கேஸ் அடுப்புப் பக்கமும் வேண்டாம். வீல் ஹவுஸ் அடியில், அடித்தண்ணி எட்டாத உயரத்தில், அலை தெறிக்காத பெட்டியில்.

தண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு என்றால், நார்வேயில் முறையாகக் கட்டிய பயணிகள் படகுகளிலேயே அது வேலையைக் காட்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் யிட்டர்ஓய்னிங்கன் என்ற ஃபெர்ரியில் பேட்டரிக் குளிரூட்டும் திரவம் கசிந்து தீப் பிடித்தது. அணைத்த மறுநாள் தேங்கிய வாயு வெடித்தது. 2021 மார்ச்சில் பிரிம் என்ற சுற்றுலாப் படகில் தீ. காற்றுப் போக்கி வழியாகக் கடல்நீர் பேட்டரி அறைக்குள் போனதே பெரும்பாலும் காரணம் என்று விசாரணை முடிந்தது. ஆகவே உப்புத்தண்ணீரில் முங்கிய எல்எஃப்பியைக் காயவைத்து, வோல்ட் சரியாக இருக்கிறதே என்று திரும்பச் சார்ஜ் போடாதீர்கள். புகை வந்தால் பவுடர் சிலிண்டர் சுவாலையை அடக்கும், செல்லைக் குளிர வைக்காது. குளிர வைப்பது தண்ணீர்தான், நிறையத் தண்ணீர். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

வாங்கும்போது முதலில் தராசில் வையுங்கள். 100 ஏஹெச் எல்எஃப்பிக்குச் செல் மட்டுமே 8 கிலோ அளவில் வரும், பெட்டியோடு 10 முதல் 13 கிலோ. 7 கிலோ காட்டினால் உள்ளே 100 இல்லை. பிறகு முழுச் சார்ஜ் போட்டு, நான்கு 60 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி எரியவிடுங்கள், ஏறக்குறைய 20 ஆம்பியர். ஐந்து மணி நேரம் எரிய வேண்டும். மூன்றரை மணியில் அணைந்தால் அது 70 ஏஹெச். பழைய ஸ்கூட்டர், ஈ-ரிக்‌ஷா செல்லைப் பிரித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி வருவதும் உண்டு. ஐஈசி 62619 பாதுகாப்புச் சோதனைச் சான்று கேளுங்கள். வோல்ட் மீட்டரை நம்பி இவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. பாதியிலும் 13 வோல்ட்டுக்கு மேலேதான் காட்டும். ஷன்ட் மீட்டரை அதனால்தான் கணக்கில் சேர்த்தேன்.

வள்ளத்துக்கே பேட்டரி மோட்டார் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பெட்ரோல் 20 லிட்டர் அவுட்போர்டு வழியாகச் சுழலிக்குக் கொடுப்பது 36 யூனிட் அளவு. அதற்கு 12.8 வோல்ட் 100 ஏஹெச் பெட்டி 28 வேண்டும், 300 கிலோவுக்கு மேல். கடலுக்கு இப்போதைக்கு ஆகாது. தினமும் ஒரே தடத்தில், கரையில் சார்ஜ் வசதியோடு ஓடும் படகுக்கு ஆகும்: வைக்கம்–தவணக்கடவு இடையே கேரளத்தின் ஆதித்யா சூரிய மின்படகு 2017 முதல் ஓடுகிறது. கொச்சி வாட்டர் மெட்ரோ இன்னும் விலை கூடிய லித்தியம் டைட்டனேட்டைப் போட்டிருக்கிறது, வேகச் சார்ஜுக்காக.

கடைசியாகத் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆசிட் பேட்டரியை நிரப்பி வையுங்கள், மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். எல்எஃப்பியை நேர்மாறாகப் பாதியில், 13.1 வோல்ட் அளவில், நிழலில் வையுங்கள். நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், டிரான்ஸ்பாண்டர் வயரோ ஷன்ட் மீட்டரோ தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. புளூடூத் வைத்த பிஎம்எஸ் 20 மில்லி ஆம்பியர் தின்றால்கூட 61 நாளில் 29 ஏஹெச் போய்விடும். ஜூன் 14 அன்று பார்க்கும்போது மீட்டரில் எதுவும் காட்டவில்லை என்றால் கையிலுள்ள சார்ஜரை வைத்துத் தட்டி எழுப்பாதீர்கள். பெட்டியைத் திறந்து செல் வோல்ட் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்; ஏதாவது ஒரு செல் 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பெட்டி இனிக் கடலுக்குப் போகக் கூடாது.